ஏரி பார்த்த வீடு வாங்கியவர்களுக்கு

ஜார்ஜியா மாநிலத்தில், குடியிருப்புக்கு நடுவே ஏரி இருக்கும் இடங்களில் வீடு வாங்கியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு,



உங்களில் பெரும்பாலோருக்கு ஓர் அணையில் பங்கு இருக்கிறது. பலருக்கு அது தெரியாது. தெரிந்த சிலரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அதனால்தான் இந்த மடல்.

க்ளோசிங் அன்று ஒரு கத்தைக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அதில் குடியிருப்போர் சங்கத்தின், நீங்கள் எச்.ஓ.ஏ. என்று சொல்வதன், பொதுச் சொத்துகள் வரிசையாக இருக்கும். நீச்சல் குளம், டென்னிஸ் மைதானம், நடைபாதை, நுழைவாயிலில் பூச்செடி, கடைசியில் 'லேக்'. அந்த லேக் தானாக அங்கே வந்து நிற்கவில்லை. அட்லாண்டாவைச் சுற்றியுள்ள செம்மண் மேட்டு நிலத்தில் இயற்கையான ஏரி என்று ஒன்று கிடையாது. நீங்கள் கோடையில் படகு விடப் போகிற லேனியர் ஏரியே 1950களில் ராணுவப் பொறியாளர் படை அணை கட்டித் தேக்கியதுதான். உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருப்பதும் அப்படித்தான்: ஓர் ஓடை, அதன் குறுக்கே ஒரு மண்கரை, கரைக்கு மேல் பக்கம் தண்ணீர். ஏரி உங்களுடையது என்றால் கரையும் உங்களுடையது.

கரை எப்படி வந்தது என்பதும் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒரே கதை. பருத்தி போட்டுப் போட்டு மேல்மண் கரைந்துபோன நிலங்கள் இவை. 1930களுக்குப் பிறகு மண்வளப் பாதுகாப்புத் துறை ஊக்கம் கொடுக்க, ஆயிரக்கணக்கான விவசாயிகள் மாட்டுக்குத் தண்ணீருக்கும் தூண்டில் மீனுக்குமாகப் பள்ளத்தில் ஒரு கரை போட்டுக்கொண்டார்கள். பிறகு நகரம் வடக்கே நகர்ந்தது. பண்ணையை விற்றார்கள், மனை பிரித்தார்கள். குட்டை அப்படியே நின்றது. விற்பனைப் பலகையில் மட்டும் அது ஏரியாகிவிட்டது. மாட்டுக்குக் கட்டிய கரைக்குக் கீழே அன்று புல்வெளி இருந்தது. இன்று அங்கே இன்னொரு குடியிருப்பு இருக்கிறது, அதிலும் பேஸ்மென்ட் வைத்த வீடுகள்.

நான் பொதுப்பணித் துறையில் பாசனப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வேலைக்காலத்தின் பெரும்பகுதி ஏரிக்கரைகளில் போயிற்று. இப்போது மகள் குடும்பத்தோடு இங்கே இருக்கிறேன். காலையும் மாலையும் நடக்கிறேன், நடக்கிற இடமெல்லாம் கரையாக இருக்கிறது. எந்தக் குடியிருப்பு என்று எழுதவில்லை. நான் எழுதப்போவது ஒரு குடியிருப்புக்கு மட்டும் பொருந்துகிற சமாச்சாரமும் இல்லை.

உங்கள் வீட்டிலிருந்து வடகிழக்கே ஒன்றரை, இரண்டு மணி நேரம் காரில் போனால் டொக்கோவா என்ற சிற்றூர். 186 அடி உயர அருவி ஒன்று அங்கே உண்டு. உங்களில் சிலர் குழந்தைகளோடு போய்ப் படம் எடுத்திருப்பீர்கள். அருவி விழுகிற இடம் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியின் வளாகம். அருவிக்கு மேலே, மலைமீது, அந்தக் கல்லூரிக்குச் சொந்தமான ஓர் ஏரி இருந்தது. அதைத் தேக்கிய அணைக்குக் கெல்லி பார்ன்ஸ் அணை என்று பெயர். 1899இல் சின்ன மின்நிலையத்துக்காக மரச்சட்டமும் பாறையுமாக அடுக்கிய தடுப்பு அது. 1930களின் கடைசியில் அதன்மேல் மண் கொட்டி உயர்த்தினார்கள், பிறகும் உயர்த்தினார்கள். கடைசியில் நாற்பது அடி அளவுக்கு வந்தது. 1957இல் மின் உற்பத்தி நின்றது. அதன்பின் அந்த ஏரிக்கு வேறு வேலை கிடையாது. மீன் பிடிக்க, கரையில் உட்கார, அவ்வளவுதான்.

1977 நவம்பர் தொடக்கத்தில் நான்கைந்து நாள் விடாத மழை. நவம்பர் 6, ஞாயிறு, அதிகாலை 1.30க்குக் கரை போயிற்று. தண்ணீர் அருவியின் மேலிருந்து இறங்கி, மாணவர் விடுதியின் கீழ்த்தளத்தையும், மணமான மாணவர்கள் குடும்பத்தோடு தங்கியிருந்த டிரெய்லர் வீடுகளையும் அடித்துக்கொண்டு போனது. இறந்தவர்கள் 39 பேர். அவர்களில் 20 பேர் குழந்தைகள்.

விசாரணைக் குழு போட்ட அறிக்கையைப் படித்தால் நம்மூர் ஏரி உடைப்பு அறிக்கை எதையோ படிப்பது மாதிரி இருக்கும். வடிவமைப்பு வரைபடம் எதுவும் கிடைக்கவில்லை. கரையின் வெளிச்சரிவு ஓரடி கிடைக்கு ஓரடி உயரம் என்ற செங்குத்து. அந்தச் சரிவு முழுவதும் மரம். நான்கு ஆண்டுகளுக்கு முன்பே சரிவின் ஒரு பகுதி பெயர்ந்து விழுந்திருந்தது. இதுதான் காரணம் என்று ஒன்றைத் தனியாகப் பிரித்துச் சொல்லக் குழுவால் முடியவில்லை. செங்குத்துச் சரிவு நனைந்து ஓரிடத்தில் சரிந்திருக்கலாம், உள்ளே மண் அரித்திருக்கலாம், முகட்டில் ஒரு சின்ன வாய் திறந்து அது பெருகியிருக்கலாம் என்று பலவற்றைச் சேர்த்துச் சொன்னார்கள். என் அனுபவத்தில் மண்கரை பெரும்பாலும் இப்படித்தான் சாகிறது. பல ஆண்டு அலட்சியம் ஒரு ராத்திரி மழையில் ஒன்றுகூடும்.

அப்போது அதிபர் கார்ட்டர், ஜார்ஜியாக்காரர். நாடு முழுக்க, உடைந்தால் உயிர்ச்சேதம் வரக்கூடிய தனியார், மாநில அணைகளை ராணுவப் பொறியாளர்கள் போய்ப் பார்க்க வேண்டும் என்று உத்தரவிட்டார். அடுத்த சில ஆண்டுகளில் ஒன்பதாயிரம் அணைகளுக்குச் சற்றுக் குறைவாகப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்கு பாதுகாப்பற்றவை என்று தெரிந்தது. ஜார்ஜியாவின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 1978இல் வந்தது.

அந்தச் சட்டம் இருக்கிறதே, அரசு பார்த்துக்கொள்ளாதா என்று கேட்பீர்கள். கணக்கைப் பாருங்கள். 25 அடி உயரம், அல்லது 100 ஏக்கர்-அடி கொள்ளளவு, இரண்டில் ஒன்றாவது எட்டினால்தான் சட்டம் அந்தக் கரையை அணை என்று எடுத்துக்கொள்கிறது. எட்டியவற்றிலும், உடைந்தால் உயிர் போகக்கூடும் என்று முதல் வகையில் சேர்த்தவற்றுக்குத்தான் உரிமமும் முறையான ஆய்வும். இப்போது உங்கள் ஏரி முகடு வரை நிறைந்தாலும் பத்து ஏக்கர் பரப்பு, சராசரி எட்டடி ஆழம், கரை இருபதடி என்று வையுங்கள். 80 ஏக்கர்-அடி. சட்டத்தின் கண்ணில் படாது. ஆனால் அதில் நிற்கும் தண்ணீர் பத்துக் கோடி லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சென்னைத் தெருவில் வரும் பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி எட்டாயிரத்துக்கும் மேல். அவ்வளவும் ஒரே மணி நேரத்தில் ஒரே தெருவில் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்குப் பொறியாளர் தேவையில்லை.

அரசு ஆய்வாளர் வரும் அணையாக இருந்தாலும் அவர் வந்து பார்ப்பார், எழுதுவார், போவார். புல் வெட்டுவதும் குழாய் மாற்றுவதும் உடைமையாளர் வேலை. உடைமையாளர் நீங்கள்.

இனி கரையைப் பற்றி. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

முதலில் மரம். உங்கள் கரையின் வெளிச்சரிவில் பைன் மரங்கள் நிற்கின்றன, ஸ்வீட்கம் நிற்கிறது, யாரோ அழகுக்கு வைத்த கிரேப் மிர்ட்டில் வரிசையும் நிற்கிறது. வெட்டச் சொன்னால் சண்டைக்கு வருகிறீர்கள். நிழல் போகிறது, பறவை போகிறது என்கிறீர்கள். "நம்மூர் ஏரிக்கரையில் பனைமரம் இல்லையா சார்?" என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. பனையின் வேர் நார்க்கொத்து, மண்ணைப் பிடித்து நிற்கும். பைன், ஸ்வீட்கம் வேர் அப்படியில்லை. கையளவு, தொடையளவு தடித்துக் கரைக்குள் ஓடும். மரம் பட்டுப்போனபின் வேர் உளுத்து, அந்த இடத்தில் வெற்றுக் குழாய் மிஞ்சும். தண்ணீருக்கு அதைவிட நல்ல வழி கிடைக்காது. இன்னொன்று, புயலில் பைன் வேரோடு சாயும்போது கரையில் ஒரு வண்டி மண்ணைப் பிடுங்கிக்கொண்டு சாய்கிறது. அதுவும் ஏரி நிரம்பி நிற்கிற அதே மழை நாளில். அதற்காக நாளைக்கே ரம்பத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். பெரிய மரத்தை வெட்டி அடிக்கட்டையை விட்டுவிட்டால் உளுக்கும் வேலை அன்றே தொடங்கிவிடும். எந்த மரத்தை வேரோடு எடுத்து மண் போட்டுத் திமிசு போட வேண்டும், எதை விட்டுவைத்துக் கண்காணிக்கலாம் என்று சொல்ல அணைப் பொறியாளர் வேண்டும். கன்றாக இருக்கும்போதே புல்லோடு சேர்த்து வெட்டியிருந்தால் செலவே இல்லை.

அடுத்தது குழாய். நம்மூர் ஏரியில் பாசனத்துக்குத் தண்ணீர் விடும் மதகு தனி, மிகைநீர் வழியும் கலிங்கு தனி. இங்கே பெரும்பாலான குட்டைகளில் தண்ணீருக்குள் ஒரு நிற்கும் குழாய் தலை நீட்டிக்கொண்டிருக்கும். நீர்மட்டம் அதன் வாய்க்கு வந்ததும் உள்ளே வழிந்து, கரைக்கு அடியில் படுத்திருக்கும் இன்னொரு குழாய் வழியாகக் கீழே ஓடையில் விழும். 1950, 60, 70களில் போட்டவை பலவும் நெளிவுத் தகரக் குழாய்கள். அவற்றின் ஆயுள் இருபத்தைந்திலிருந்து ஐம்பது வருஷம். கழித்துப் பாருங்கள். துருப்பிடித்து ஓட்டை விழுந்ததும் குழாய்க்குள் ஓடும் தண்ணீர் சுற்றியுள்ள மண்ணையும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு போகும். மேலே நடக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. ஒரு நாள் கரை முகட்டில், குழாய் போகிற நேர்கோட்டில், வாளி அளவுக்கு ஒரு குழி விழும். எச்.ஓ.ஏ. தோட்டக்காரர் அதில் மல்ச் கொட்டி மூடிவிடுவார். அடுத்த வருஷமும் விழும், அடுத்த வருஷமும் மூடுவார். அந்தக் குழியைக் கண்டால் மூடாதீர்கள். பக்கத்தில் ஒரு குச்சி நட்டு, படம் எடுத்து, அன்றைக்கே பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

கரையடியைப் பாருங்கள், மழை பெய்து பத்து நாள் ஆனபிறகு. மற்ற இடம் காய்ந்திருக்க ஓரிடம் மட்டும் செருப்பு அழுந்துகிறதா, அங்கே மட்டும் சம்பங்கோரை பசேலென்று வளர்ந்திருக்கிறதா? மண்கரை என்றால் கொஞ்சம் கசியும், அதில் கலவரம் இல்லை. கசிவு தெளிவாக, ஒரே அளவாக வந்தால் குறித்து வையுங்கள். கலங்கலாக வந்தாலோ, நேற்றைவிட இன்று கூடுதலாக வந்தாலோ கரையின் உள்மண் வெளியே வருகிறது என்று அர்த்தம். அப்போது பொறியாளருக்கு முன்னால் கீழ்வீட்டுக்காரர்களுக்கும் 911க்கும் சொல்ல வேண்டும். பதற்றத்தில் ஏரியை ஒரே நாளில் வடித்துவிடலாம் என்று யாராவது கிளம்புவார்கள். உடையும் ஆபத்து உடனடியாக இல்லாதபோது அப்படிச் செய்தால் உள்சரிவு ஊறிய மண்ணின் பாரம் தாங்காமல் தண்ணீர்ப் பக்கமாகச் சரியும். பொறியாளர் சொல்கிற அளவில், நாளொன்றுக்கு ஓரடிக்குள் இறக்குவதுதான் முறை. வடிப்பதற்கு அடிமட்ட வால்வு ஒன்று இருந்தாக வேண்டும். உங்கள் ஏரியில் இருக்கிறதா? இருந்தால் கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள்?

நம்மூரில் நண்டு வளையும் எலி வளையும் என்றால் இங்கே மஸ்க்ராட்டும் பீவரும். மஸ்க்ராட் கரையில் நீர்மட்டத்துக்குக் கீழே துளைக்கும். பீவர் குழாய் வாயைக் குச்சியாலும் சேற்றாலும் அடைக்கும். குழந்தைகளுக்குப் பிடிக்கும், எனக்கும் பிடித்துத்தான் இருக்கிறது. ஆனால் வாயடைந்த ஏரி மழை ராத்திரியில் கரைமேல் ஏறும். மண்கரைமேல் தண்ணீர் ஏறிவிட்டால் அப்புறம் செய்வதற்கு அதிகமில்லை.

அதனால்தான் கலிங்கு. கரையின் ஓரமாக, முகட்டைவிடத் தாழ்வாக, புல் முளைத்த ஓர் அகலமான வாய்க்கால் மாதிரி இருக்குமே, அதுதான் உங்கள் கலிங்கு. பத்து வருஷத்தில் ஒருமுறைதான் அதில் தண்ணீர் போகும். ஆகவே அது வீணாகக் கிடக்கும் இடம் என்று நினைத்து அதில் ஊஞ்சல் போடுகிறார்கள், வேலி கட்டுகிறார்கள், இலைக்குப்பை கொட்டுகிறார்கள். ஹவாயில், கவாய் தீவில், 2006 மார்ச் 14 அன்று கா லோகோ என்ற பழைய கரும்புத்தோட்ட நீர்த்தேக்கம் உடைந்து ஏழு பேர் இறந்தார்கள். அதுவும் தனியார் நிலத்தில் இருந்ததுதான். கலிங்கை மண் போட்டு நிரப்பிவிட்டிருந்தார்கள் என்பதுதான் அங்கே விசாரணையின் மையமாக இருந்தது.

பொழுதுபோக்கு ஏரிகளின் வரலாற்றில் எல்லாவற்றுக்கும் தலைமையான கதை பென்சில்வேனியாவில் இருக்கிறது. அளவில் உங்களுடையதைவிடப் பல மடங்கு பெரியது, ஆனால் செய்த தப்புகள் அத்தனையும் சின்னத் தப்புகள். கால்வாய்க்காகக் கட்டி, ரயில் வந்ததும் கைவிட்ட ஒரு மண் அணையை 1879இல் பிட்ஸ்பர்க் செல்வந்தர்கள் சேர்ந்த ஒரு மீன்பிடி, வேட்டை மன்றத்துக்காக வாங்கினார்கள். கார்னகியும் ஃப்ரிக்கும் அதில் உறுப்பினர்கள். முந்தைய உடைமையாளர் அடிமட்ட வார்ப்பிரும்புக் குழாய்களைக் கழற்றி விற்றிருந்தார். திரும்பப் போடவில்லை. ஆகவே ஏரியை இறக்க வழியில்லை. குதிரை வண்டி எதிரெதிரே போகட்டும் என்று முகட்டைச் சீவித் தாழ்த்தினார்கள். வாங்கி ஏரியில் விட்ட பாஸ் மீன் தப்பிவிடக் கூடாது என்று கலிங்கு வாயில் இரும்பு வலை வைத்தார்கள். கீழே இருந்த ஜான்ஸ்டவுன் இரும்பாலையினர் 1880இலேயே தங்கள் பொறியாளரை அனுப்பிப் பார்க்கச் செய்தார்கள். வடிகுழாய் இல்லை, கசிவு இருக்கிறது என்று அவர் எழுதினார். மன்றம் அதைத் தள்ளிவிட்டது. 1889 மே 31 மழையில் வலையில் குப்பை அடைத்து, தண்ணீர் தாழ்ந்த முகட்டின் மேல் ஏறி, பிற்பகல் மூன்று மணி வாக்கில் கரை போயிற்று. பதினான்கு மைல் கீழே இருந்த ஊரை அடைய ஒரு மணி நேரம். 2,200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மன்றத்தின் எந்த உறுப்பினரிடமிருந்தும் நீதிமன்றம் வழியாக ஒரு காசு வாங்க முடியவில்லை. கார்னகி பிறகு ஊருக்கு ஒரு நூலகம் கட்டிக் கொடுத்தார். அந்தக் கட்டடம்தான் இப்போது வெள்ள அருங்காட்சியகம்.

மீன் வலைக்கு நான் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பாசியைத் தின்ன கிராஸ் கார்ப் மீன் விடுகிறீர்கள். தப்பாமலிருக்க வழிவாயில் கம்பித் தடுப்பு வைக்கச் சொல்கிறார்கள், வைக்கிறீர்கள். பெருமழைக்கு முன்னும் பின்னும் அந்தக் கம்பியில் சிக்கிய குப்பையை எடுப்பது யார் வேலை என்று உங்கள் சங்கத்தில் எழுதி வைத்திருக்கிறதா?

2015 அக்டோபரில் பக்கத்துத் தென் கரோலினாவில் பெருமழை. சில இடங்களில் இருபது அங்குலத்துக்கும் மேல். கொலம்பியா நகரத்தைச் சுற்றிக் குடியிருப்புகளுக்குச் சொந்தமான ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. மேல் ஏரி உடைந்து கீழ் ஏரியை உடைத்தது. மாநிலம் முழுக்க ஐம்பது அணைகள் அளவுக்குப் போயின. அங்கேயும் நம்மவர்கள் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

இனி, எனக்கு நெடுநாளாக உறுத்துகிற ஒன்று.

நம்மூரில் ஏரி உடைந்தால் யாருக்கு நஷ்டம்? கரைக்குக் கீழே இருக்கும் ஆயக்கட்டுக்காரருக்கு. ஏரி நிறைந்தால் யாருக்கு லாபம்? அதே ஆயக்கட்டுக்காரருக்கு. அதனால்தான் மழை ராத்திரியில் அரிக்கேன் விளக்கோடு கரைக்கு ஓடினார்கள். உத்திரமேரூரில், 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளின்படி, ஏரி வாரியம் என்று தனிக் குழு வைத்துக் குடவோலையில் ஆளெடுத்தார்கள். கணக்குக் காட்டாமல் போனவரும் அவரது உறவினரும் நிற்கக்கூடாது என்று விதியே இருந்தது. (உங்கள் எச்.ஓ.ஏ. விதிகளில் அதைச் சேர்த்தால் நான் கைதட்டுவேன்.) குடிமராமத்து நடந்ததற்கும் அடிப்படை அதுதான். பயனும் பயமும் ஒரே வீட்டில் இருந்தன. மதுராந்தகம் ஏரி உடையும் நிலைக்கு வந்தபோது ராமரே வந்து கரையில் நின்றார் என்று கதை உண்டு.

இங்கே பயன் மேலே, பயம் கீழே. ஏரியைப் பார்த்து காபி குடிக்கிறவர் நீங்கள். உடைந்தால் நனைகிறவர், உங்களுக்குப் பெயர் தெரியாத, ஏரி இருப்பதே தெரியாத, கீழ்த்தெருக் குடும்பம். ஏரியிலிருந்து அவருக்கு ஒரு சொட்டுப் பயன் கிடையாது. ஆகவே அவர் கரைக்கு விளக்கோடு ஓடி வர மாட்டார். உங்களுக்கோ ஓடிவரக் காரணம் இல்லை, உங்கள் வீடு மேட்டில் இருக்கிறது.

இந்த வேறுபாட்டைச் சட்டமும் எப்போதோ கண்டுகொண்டது. இங்கிலாந்தில் ஓர் ஆலைக்காரர் தன் நிலத்தில் தேக்கிய நீர் பக்கத்துச் சுரங்கத்துக்குள் புகுந்த வழக்கில், 1868இல் பிரபுக்கள் சபை ஒரு விதியை உறுதி செய்தது: ஆபத்தானதைத் தன் வசதிக்காகத் தேக்கி வைத்தவர், அது தப்பி வெளியேறினால், கவனக்குறைவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொறுப்பு. ஆறே ஆண்டில் அதே விதியை வைத்துச் சென்னை ரயில்வே கம்பெனி கார்வேட்டிநகரம் ஜமீன்தார்மேல் போட்ட வழக்கு பிரிவி கவுன்சில் வரை போயிற்று. மழையில் ஜமீன் ஏரிகள் உடைந்து ரயில் பாதையை அடித்துவிட்டன. 1874இல் ஜமீன்தார் வென்றார். அந்த ஏரிகள் தொன்மையானவை, மக்கள் வாழ்வுக்கு இன்றியமையாதவை, அவற்றைப் பேணுவது அவர் கடமை, அவர் பக்கம் கவனக்குறைவு இல்லை, ஆகவே ஆலைக்காரருக்குச் சொன்ன விதி இவருக்குப் பொருந்தாது என்றார்கள். ஊருக்குச் சோறு போடுகிற ஏரிக்குக் கொடுத்த அந்தச் சலுகை, கயாக் விடுகிற ஏரிக்குக் கிடைக்கும் என்று நான் நம்பவில்லை. ஜான்ஸ்டவுனுக்குப் பிறகு அமெரிக்க நீதிமன்றங்கள் பலவும் ஆலைக்காரர் விதியின் பக்கம் சாயத் தொடங்கின. ஜார்ஜியாவில் இன்று உங்கள் நிலை என்ன என்று சங்கத்தின் வழக்கறிஞரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சங்கத்தின் காப்பீடு அணை உடைப்பை ஏற்குமா என்பதையும் அப்படியே. கீழ்வீட்டுக்காரரின் சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்தை ஏற்காது, அது மட்டும் நிச்சயம்.

பணம் என்று வரும்போது கூட்டத்தில் நான் கேட்ட பேச்சுகள் எல்லாம் நினைவிருக்கின்றன. "கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறோம், எப்போது மூட்டை கட்டுவோமோ, இருபது வருஷக் குழாய்க்கு இப்போது ஏன் கொடுக்கணும்?" "நாங்கள் உள்பக்கத் தெரு, ஜன்னலில் ஏரி தெரியாது, கரையோர வீட்டுக்காரர்கள் கட்டட்டும்." "வாடகைக்கு விட்டாச்சு." ஒவ்வொன்றிலும் நியாயம் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் உடைந்த மறுநாள் வரும் வழக்கில் உள்பக்கத் தெரு, வெளிப்பக்கத் தெரு என்று பிரித்துப் பெயர் போட மாட்டார்கள். சங்கம் என்றுதான் போடுவார்கள். குழாய் மாற்றும் வேலை லட்சக்கணக்கான டாலர் வரை போகக்கூடியது. ஒரே தவணையில் ஸ்பெஷல் அசெஸ்மென்ட் போட்டால் குடும்பம் தடுமாறும். பத்து வருஷத்துக்கு முன்பே ரிசர்வ் ஃபண்டில் மாதம் கொஞ்சம் ஒதுக்கியிருந்தால் யாருக்கும் தெரிந்தே இருக்காது. தெரிந்தவரை பல சங்கங்களின் ரிசர்வ் கணக்கில் டென்னிஸ் தரைக்கும் நீச்சல்குள பம்புக்கும் வரி இருக்கிறது, கரைக்கு இல்லை.

இன்னொரு வழியும் இருக்கிறது. சொல்லவே எனக்குக் கை கூசுகிறது. ஆயுசு முழுக்க உடைப்பை அடைத்தவன், கரையை எடுத்துவிடுங்கள் என்று எழுதுகிறேன். கட்டுப்படியாகாத ஏரியை, அனுமதி வாங்கி, முறையாக வடித்து, கரையைப் பிளந்து, ஓடையை ஓடையாகவே விட்டுவிடலாம். இரண்டு பக்கமும் புல்வெளியும் மரமும் வைத்தால் நடக்க நல்ல இடம். வீட்டு விலை குறையும் என்று பயப்படுவீர்கள். குறையலாம். எப்படியும், பராமரிக்கவும் மாட்டோம், எடுக்கவும் மாட்டோம் என்று இருப்பதைவிட அது யோக்கியமான காரியம்.

எது செய்வதென்றாலும் முதல் படி ஒன்றுதான். மண் அணையில் அனுபவமுள்ள பொறியாளர் ஒருவரை அமர்த்தி, குழாய்க்குள் கேமரா விட்டு, கரை முழுவதையும் நடந்து பார்த்து, எழுத்தில் அறிக்கை வாங்குவது. அதோடு, உடைந்தால் தண்ணீர் எந்தத் தெரு வரை போகும் என்று ஒரு வரைபடம். அந்தத் தெருக்காரர்களின் தொலைபேசி எண்களை வாங்கி, பெருமழை எச்சரிக்கை வரும் நாளில் யார் யாரைக் கூப்பிடுவது என்று எழுதி வையுங்கள். எண் வாங்கப் போகும்போது, மேலே இருப்பது எங்கள் ஏரி என்று நீங்களே போய்ச் சொல்ல வேண்டியிருக்கும். சங்கடமாகத்தான் இருக்கும். போய்ச் சொல்லுங்கள்.

உங்கள் சங்கங்களின் ஆண்டுக் கூட்டங்களில் பாதி, கோரம் சேராமல் தள்ளிப்போகின்றன. பொங்கல் விழாவுக்கு முந்நூறு பேர் வருகிறோம், கரைக்கு முப்பது பேர் வருவதில்லை. அடுத்த கூட்ட அறிவிப்போடு ப்ராக்ஸி படிவம் ஒன்று வரும். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் அதில் பக்கத்து வீட்டுக்காரர் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டு, குறித்த தேதிக்குள் அனுப்பிவிடுங்கள். வருகிறவர்கள், 'அணை ஆய்வுக்கு நிதி' என்று நிகழ்ச்சி நிரலில் இல்லாவிட்டால், கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள். அன்றைக்கே எழுந்து கேட்டால் விதிப்படி முடியாது என்று உட்கார வைத்துவிடுவார்கள்.

அன்புடன்,
கரைகளில் வேலை பார்த்த ஒருவன்